பிச்சைத் துணி

எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது, அது ஒன்றைத் தவிர.

பவுனு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். கங்குச் சட்டியின் மேல் கவிழ்த்திருந்த மூங்கில் கூடையில் பிள்ளையின் மற்றத் துணிகளெல்லாம் மொரமொரவென்று சூடேறிக் கிடக்க, நடுவிலிருந்த வெள்ளைத் துணி மட்டும் இப்போதுதான் முக்கி எடுத்ததுபோல் சொதசொதவென்றிருந்தது. மேகமலையில் ஆடி மாதம் துணி காய்வது லேசுப்பட்ட காரியமா? துரை பங்களாவிலாவது இரும்பு அடுப்பு உண்டு. தேயிலைத் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் கங்குதான் கதி. பட்டப்பகலிலேயே மேகம் வாசல்வரை வந்து நின்றது. தகரக் கூரையில் மழை ஓயாமல் இரைந்தது. ஈர விறகின் புகையும் பிள்ளையின் பால்வாடையும் அந்த ஒற்றை அறையில் கலந்து கிடந்தன.

தூளியில் பிள்ளை முனகியது. நெஞ்சில் சளி. முன்னால் பிறந்த இரண்டையும் சளிதான் கொண்டுபோனது. மருந்து வாங்கச் சின்னமனூருக்கு இறங்கிய புருஷன் சுருளிவேல் இன்னும் திரும்பவில்லை. இதுவும் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கங்கு அவிந்துவிட்டதோ? கிளறினாள். செக்கச்செவேலென்றுதான் இருந்தது. காற்றோட்டம் இல்லையோ? கூடைக்கு அடியில் கல் வைத்துத் தூக்கினாள். புதுக் கரி போட்டாள். வெள்ளைத் துணியைப் பிழிந்து தனியே விரித்தாள். பிழிந்த தண்ணீர் தரையில் ஓடியது. அத்தனூண்டு துணியில் இவ்வளவு தண்ணீரா? மோந்தாள். பாசி நாற்றம்.

நெருப்பெடுக்க வந்த பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதை யாருடி குடுத்தது?"

"கடைசி வீட்டு ஜக்கம்மா, மதினி. தக்காத பிள்ளைக்கு நாலு வீட்டுல பழந்துணி பிச்சை வாங்கிப் போடணும்னு நீங்கதானே சொன்னீக. பெட்டியிலருந்து எடுத்துக் குடுத்தாக."

"அங்கனயா போன? நீ சித்திரையிலதான் மலையேறி வந்தவ, ஒனக்கு எங்க தெரியும். போன வருச மழையில அவ பிள்ளை ஓடையோட போயிருச்சு. இந்தத் துணி மட்டுந்தான் பாறையில மாட்டிக் கெடந்துச்சு."

பவுனு வெள்ளைத் துணியை வாரிச் சுருட்டினாள். "இப்பவே திருப்பிக் குடுத்துர்றேன்."

"பிச்சை வாங்குனதத் திருப்பிக் குடுத்தா பிள்ளையையும் குடுத்ததா ஆயிரும். எரிச்சாலும் அதேதான்." மூக்கம்மாள் பின்வாங்கினாள். "காய வையி. வேற என்னத்தச் செய்ய?"

நெருப்பெடுக்காமலே போய்விட்டாள்.

பவுனு துணியைக் கங்குக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் கொப்புளித்தது. துணி சொட்டியது. கங்கு சுர்ரென்றது. மறுபடி சுர்ர். ஒவ்வொன்றாக அவிந்தது.

"ஆத்தா கௌமாரி, இதையாவது எனக்கு விட்டுரு."

புகை. இருட்டு. மழை.

பிறகு துணி லேசானது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இதமான சூடுகூட. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பிள்ளையைப் போர்த்தத் திரும்பினாள்.

முனகல் இல்லை.

தூளியின் அடியில் தண்ணீர் சொட்டியது. அண்ணாந்து பார்த்தாள். கூரை ஒழுகவில்லை. பிள்ளையை வாரி எடுத்தாள். சில்லென்றிருந்தது. உயிர் இருந்தது, கண் விழித்து அவளையே பார்த்தது. உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தது. தலைமுடியிலிருந்து நீர் வழிந்தது. காய்ந்த துணி எல்லாவற்றாலும் துடைத்தாள். வழிந்தது. முந்தானையால் துடைத்தாள். வழிந்தது.

பிள்ளை அழுவதற்கு வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை. தண்ணீர்தான் வந்தது.