கடல் தொடாத படகு

இன்னும் கடலையே தொடாத படகின் அடிவயிற்றில் தண்ணீர் நின்றது.

கொஞ்சம்தான், ஒரு உள்ளங்கை அளவு. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துத் துணியால் ஒற்றியெடுத்தவள் அண்ணாந்து பார்த்தாள். கொட்டகையின் தகரக் கூரையில் ஈரத்தின் சுவடே இல்லை. மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. ஏனோ விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

"வேர்வையா இருக்கும் கேப்டனம்மா," என்று வெளியிலிருந்து சிரித்தான் கணவன். "நாம சிந்தின வேர்வைக்கு இது இந்நேரம் மிதந்தே இருக்கணும்."

அவளும் சிரித்துவைத்தாள். பிழைக்க வந்த அந்நிய நாட்டில், கல்யாணமான புதிதில், துறைமுகச் சுவரில் உட்கார்ந்து போகிற வருகிற படகுகளைப் பார்த்து 'ஒருநாள் நாமும்' என்று பேசிய பேச்சில் பிறந்தது இந்தப் படகு. அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்; அவள் மருத்துவமனைத் தாதி. வேலை முடிந்த நேரமெல்லாம் இந்தக் கொட்டகையில்தான் கழிந்தது. "வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்னுதான் சொல்வாங்க. நீங்க ரெண்டு பேரும் படகைக் கட்டிப் பாக்குறீங்களாக்கும்!" என்று ஊரிலிருந்து அக்கா போனில் கிண்டலடிப்பாள்.

தண்ணீர் மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். துடைக்கத் துடைக்க ஊறியது. மரத்தூளும் வார்னிஷும் பிசினுமாக மணத்துக்கொண்டிருந்த படகின் உட்புறத்தில், மூடிவைத்த மீன்கூடையைத் திறந்தாற்போல ஒரு வாடை மெல்ல மெல்லப் படிந்து, அவள் தலைமுடியோடு வீட்டுக்கு வந்து, தலையணை வரைக்கும் ஏறியது. ஒரு மாலை கைவிளக்கோடு உள்ளே குனிந்தவள், பலகைகளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பதைக் கண்டாள். உளியால் சுரண்டினாள். சிப்பி. வருஷக்கணக்காகக் கடலில் கிடக்கும் படகின் வெளிப்புறத்தில் ஒட்டுமே, அந்தச் சிப்பி. இங்கே உட்புறத்தில் ஒட்டியிருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பெயின்ட் டப்பாவைத் திறந்து, சிப்பியின் மேலேயே பூச ஆரம்பித்தான்.

"இதை விட்டுடலாம்ங்க," என்றாள். "எனக்கு என்னமோ சரியாப் படல."

"கரை சேர்ற நேரத்துல கையை விடச் சொல்றியா?" அவன் தூரிகையை நிறுத்தவில்லை. "தண்ணியில இறக்க கிரேனுக்குச் சொல்லியாச்சு. பேசாம இரு."

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

கிரேன் வருவதற்கு முந்தின நாள், கடலிலிருந்து மூடுபனி ஏறி, சாயங்காலமே கொட்டகைக்கு வெளியே எதுவும் தெரியாமல் போனது. மேல்தளத்தில் கயிறு கட்டும் இரும்புக் கொண்டிகளைப் பொருத்துகிற வேலை மட்டும் பாக்கி. மேலே அவள் போல்ட்டைத் திருக வேண்டும். உள்ளே அவன் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு தட்டு தட்டினால் 'பிடிச்சிட்டேன்'. இரண்டு தட்டினால் 'போதும்'. அவள் போல்ட்டை இறக்கினாள். ஒரு தட்டு. திருகினாள். இரண்டு தட்டு. அடுத்த போல்ட். வேலை அழகாக நகர்ந்தது. கையிலிருந்த கடைசி போல்ட்டுக்கு இரண்டு தட்டு கேட்டபின், மூன்றாவதாக மெதுவாக ஒன்று கேட்டது. விளையாடுகிறான் என்று நினைத்து அவளும் ஒன்று தட்டினாள்.

கொட்டகைக் கதவு கிறீச்சிட்டது.

பனி ஒட்டிய தலையோடு அவன் உள்ளே வந்தான். கையில் கடைப் பை.

"போல்ட் பத்தாது, வாங்கிட்டு வரேன்னு கத்திட்டுத்தானே போனேன்? காதுல விழலையா?"

அவள் விரலால் கீழே காட்டினாள்.

அவள் காலடியில், பலகைக்குள்ளிருந்து, ஒரு தட்டு.

அவன் முகம் வெளுத்தது. அடுத்த நொடியே இறுகியது. "எலி," என்றான். "எலியா நட்டு பிடிச்சுது?" என்றாள் அவள். அவன் மசியவில்லை. "உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். அப்புறமாவது இந்தப் பேச்சை விடு."

"வேணாம்ங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

அவன் கைவிளக்கை எடுத்தான். படகில் ஏறி, மேல்திறப்பு வழியாக உள்ளே இறங்கினான். தலை மறைந்தது. மூடி தானாகவே சாய்ந்து விழுந்தது.

அவள் இழுத்தாள். அசையவில்லை. ஆணியடித்ததுபோல் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தாங்கிக் கட்டைகளின் மேல் நின்ற படகு லேசாக ஆடியது. அலையில் ஆடுவதுபோல.

கீழே குதித்தாள். பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி ஜன்னல். முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

பச்சைத் தண்ணீர். மேல்விளிம்பு வரைக்கும்.

அதற்குள் அவன். முடி மேலே மிதக்கிறது. கண்கள் விரிந்திருக்கின்றன. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்துகிறான். வாயிலிருந்து குமிழிகள்.

சுவரில் சாய்ந்திருந்த கோடரி கைக்கு வந்தது. கண்ணாடியில் ஓங்கினாள். கீறல்கூட விழவில்லை. ஜன்னலுக்குக் கீழே பலகையில் ஓங்கினாள். மறுபடியும். மறுபடியும். பலகை பிளந்தது.

தண்ணீர் வரவில்லை.

உலர்ந்த மரத்தூள் கொட்டியது. துளைக்குள் வறண்ட இருட்டு. மேலே, கண்ணாடிக்குப் பின்னால், அவன் இன்னும் மூழ்கிக்கொண்டிருந்தான்.

தோள் வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். காற்று. வெறும் காற்று. "இங்க! கையைப் பிடிங்க! என் கையைப் பிடிங்க!"

பிடித்தது.

சில்லென்ற, ஊறிப்போன விரல்கள் அவள் விரல்களோடு கோத்துக்கொண்டன. அழுகை பீறிட, "விடாதீங்க, விடாதீங்க" என்று இழுத்தபடியே அண்ணாந்தாள்.

கண்ணாடியில் அவன் இரண்டு உள்ளங்கைகளும் அப்படியே பதிந்திருந்தன. அவன் அவளைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளிருந்த கை அவளை மெதுவாக இழுக்க ஆரம்பித்தது.