கேன் மாட்டிய கரடியும் அரைச்சாண் ஸ்கோப்பும்

கரடி பால் கேனுக்குள் தலையை விட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் கேனைக் கழற்றாவிட்டால் அது தாகத்திலேயே செத்துப்போகும். அதன் முதுகில் சவாரி செய்யும் இரண்டு குட்டிகளும் பிழைக்காது. ஆகவே கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் சரிவில், காலை ஏழு மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர் வனத்துறைக் கால்நடை மருத்துவர் பர்வீன். மயக்க ஊசித் துப்பாக்கி அவர் கையில் இருந்தது. அடுத்தவர் வனக்காவலர் மசணன். கால்தடத்தைப் பார்த்தே கரடி நேற்று என்ன நினைத்தது என்று சொல்லிவிடுவார். மூன்றாமவர் சூசைநாதன். குன்னூரில் சர்வே கருவிகளும் பைனாகுலர்களும் பழுது பார்ப்பவர். அவர் கடையில் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் டீயே ஊற்றுவார்கள்.

நடந்தது இதுதான். ஒரு கல்யாண வீட்டில் மிச்சப் பாயசத்தைக் கேனில் ஊற்றி வைத்திருந்தார்கள். கரடி அழைப்பில்லாமல் வந்தது, சாப்பிட்டது, தலையை மட்டும் வெளியே எடுக்க முடியவில்லை. அன்று முதல் கேனைப் பாறை பாறையாக மோதிக்கொண்டு திரிகிறது. அந்தச் சத்தத்தை மணி என்று நினைத்து அடிவாரத் தேவாலயத்தில் இரண்டு முறை கூட்டம் கூடிவிட்டது. மூன்றாம் முறை பாதிரியாரே வந்துவிட்டார்.

நேற்று முப்பது அடி தூரத்தில் கரடி தெரிந்தும் பர்வீன் சுடவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"ஏன் மேடம் விட்டுட்டீங்க?" என்று சூசைநாதன் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"தாயோட பின்தொடையிலதான் ஊசி போடணும். ஒரு குட்டி அங்கயே தொங்கிட்டு இருந்துச்சு. இந்த மருந்து குட்டி மேல பட்டா அது எந்திரிக்காதுங்க. குறி பாக்கற கண்ணாடியில தெரியுற சிவப்பு வெளிச்சப் புள்ளியை வெச்சா தொடையும் குட்டியும் சேர்ந்து மறைஞ்சு போச்சு."

"புள்ளி மறைக்குமா? கடுகளவுதானே இருக்கும்?"

"கடுகா? மிதிச்ச தக்காளி மாதிரியில்ல தெரியுது. எல்லாருக்கும் அப்படித்தானுங்களே?"

சூசைநாதன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். கடுகுதான். மசணனிடம் கொடுத்தார். அவருக்கும் கடுகுதான். பன்னிரண்டு வருடமாகத் தக்காளியைக் குறிவைத்தே நூற்றுச் சொச்சம் யானைகளுக்கு ஊசி போட்டவர் பர்வீன். யானை பெரியது என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

"உங்க கருவிழி கொஞ்சம் கோணல், மேடம். அதான் வெளிச்சப் புள்ளி இழுபடுது. பயப்படாதீங்க, ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு."

பெட்டியில், துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கும் ஸ்கோப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று முழ நீளம். நானூறு அடிக்கு அப்பால் ஆட்டின் இமை தெரியும். ஆனால் முப்பது அடியில் ரோமம் மட்டும்தான் தெரியும், அது எந்தக் கரடியின் ரோமம் என்று தெரியாது. இன்னொன்று அரைச்சாண், டீ கிளாஸ் பருமன்.

"இது பிரிஸம். உள்ளே ஒரு கண்ணாடிக் கட்டி படத்தை மடிச்சு நிமிர்த்திக் கொடுக்குது, அதான் இவ்வளவு குட்டை. குறி வைக்கிற கூட்டல் கோட்டைக் கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கான். வெளிச்சப் புள்ளி இல்லாததால இழுபடாது. இந்த வளையத்தைத் திருகுங்க, உங்க கண்ணுக்கு வந்து நிக்கும்."

பர்வீன் திருகினார். நின்றது. எதிர்ச்சரிவில் ஒரு தேயிலைக் கொழுந்து, அதன் நடுவில் முடி போல ஒரு கூட்டல் குறி.

"குறையே இல்லையாக்கும்?" என்றார் மசணன்.

"இருக்குப்பா. ஸ்கோப்புலேர்ந்து கண்ணு நாலு விரல் தள்ளியே இருக்கணும். கொஞ்சம் விலகினா இருட்டு."

அதனால் மாட்டுவதுதான் பெரிய வேலையாயிற்று. பர்வீன் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண் திறந்து பார்த்தார். வட்டம் முழுதாகத் தெரியும்வரை சூசைநாதன் ஸ்கோப்பைத் துப்பாக்கி மேலிருந்த பல்வரிசைத் தண்டில் ஒவ்வொரு பல்லாகப் பின்னே நகர்த்தினார். பிறகு துப்பாக்கியை ஜீப்பின் பானெட்டில் கிடத்தினார். எண்ணெயைத் துடைத்தார். ஸ்கோப்பின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்ததும் திருகுகளை மாற்றி மாற்றி முறுக்கினார். ஒவ்வொரு திருகின் தலை மேலும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

"யாரோடதுங்க இந்த ரோஸ் கலரு?" என்றார் பர்வீன்.

"வீட்டம்மாவோடது. தேடிக்கிட்டிருப்பா."

மருந்தின் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய ஊசியால் சாக்கைச் சுட்டுப் பார்த்தார்கள். முப்பது அடியில் நடுவில் பட்டது. அறுபது அடியில் ஒரு கையகலம் இடப்பக்கம் போயிற்று. திரும்பச் சுட்டார்கள். அதே இடப்பக்கம்.

"ஒரு கையகலத்துல ஒரு குட்டி இருக்கும்," என்றார் பர்வீன்.

"வாய்ப்பே இல்லை மேடம். ரசமட்டம் வெச்சு மாட்டினது. மட்டம் பொய் சொல்லாது."

மசணன் ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"சார், பூமி சரியாத்தான் இருக்குது. ஜீப்பு சரிவுல நிக்குது. துப்பாக்கி சாஞ்சு படுத்திருக்கையில ஸ்கோப்பை மட்டும் நிமித்தி வெச்சுட்டீங்க."

சூசைநாதன் முகம் அந்த ரோஸ் கலருக்கு வந்தது. முப்பது வருடமாகப் பூமியை அளக்கும் கருவிகளோடே இருந்தவர், ஜீப் சாய்ந்து நிற்கும் என்று சந்தேகிக்கமாட்டார். எல்லாவற்றையும் கழற்றினார். முதலில் துப்பாக்கியை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து நிறுத்தினார். பிறகு அதற்கு நேராக ஸ்கோப்பை வைத்து முறுக்கினார். முப்பதிலும் அறுபதிலும் ஊசி ஒரே நேர்கோட்டில் பாய்ந்தது. அதற்குள் மணி பதினொன்று.

சோலைக்குள் நுழைந்தார்கள். மேகம் இறங்கியிருந்தது. மசணன் அதை அரிவாளால் வெட்டி ஓரமாக அடுக்கிக்கொண்டே வழி விட்டார். அட்டைகள் ஏறின. அவற்றில் ஒன்று சூசைநாதனின் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வசதியாக உட்கார்ந்தது. மூன்று மணிநேரம் சத்தமே இல்லை.

"செத்திருக்குமோ?" என்று பர்வீன் மெல்லக் கேட்டார்.

மசணன் கையை உயர்த்தினார். கீழே ஓடைப்பக்கம் ஒரே ஒரு 'டங்'.

தாய்க்கரடி தண்ணீர் ஓரத்தில் நின்றது. தண்ணீர் வாசம் அதற்குத் தெரிகிறது. கேனைத் தண்ணீருக்குள் முட்டுகிறது, ஒரு சொட்டும் வாய்க்குப் போகவில்லை. முன்னங்கால்கள் நடுங்கின. ஒரு குட்டி தோளில் இருந்தது. இன்னொன்று, நேற்றுப் போலவே, பின்தொடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

அறுபது அடி. பர்வீன் படுத்துக் குறி வைத்தார். வட்டம் முழுதாக, துல்லியமாக இருந்தது. குட்டியின் காது தெரிந்தது, காதுக்குள் ஒட்டியிருந்த பாயச முந்திரியும் தெரிந்தது. ஊசிக்குத்தான் இடம் இல்லை.

"குட்டி மேலே ஏறணும்," என்றார் வாய் அசையாமல்.

"ஏறும். பயந்தா அம்மா கழுத்துக்குத்தான் ஓடும்," என்ற மசணன், தன் சோற்றுத் தூக்கை எடுத்துப் பாறையில் ஒரு தட்டுத் தட்டினார்.

குட்டி விடுவிடுவென்று மேலே ஏறியது. தொடை காலியாயிற்று. கூட்டல் குறி அங்கே போய் உட்கார்ந்தது. 'புஸ்'.

தாய்க்கரடி திரும்பியது. கண் தெரியாமல், கேனை முன்னே நீட்டிக்கொண்டு, நேராக மேலே வந்தது. மூன்று பேர் இருக்க, அது தேர்ந்தெடுத்தது சூசைநாதனை.

"அசையாதீங்க சார்."

"அசையணும்னு நினைச்சா மட்டும் முடியுமாப்பா?"

எட்டு நிமிடம் அது அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்பதாவது நிமிடம் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. பிறகு கேனை அவர் மடியில் வைத்துத் தூங்கிப்போனது. இரண்டு குட்டிகளும் அவர் தொப்பிமேல் ஏறி நிலைமையைக் கவனித்தன.

சூசைநாதன் தகரம் வெட்டும் கத்தரியால் கேனைக் கீறினார். உள்ளேயிருந்து வெல்ல வாசத்தோடு ஒரு மூக்கு வந்தது, பிறகு முழுக் கரடியும் வந்தது. பர்வீன் நாக்கில் தண்ணீர் தடவினார், காயத்துக்கு மருந்து போட்டார், தெளிய வைக்கும் ஊசி குத்தினார். மூன்று பேரும் எதிர்க்கரைக்கு ஓடினார்கள்.

கரடி எழுந்தது. தள்ளாடி ஓடைக்குப் போனது. குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. அரைமணி கழித்து மசணனின் போன் அடித்தது. கீழே மின்நிலையத்தில் தண்ணீர் வரத்து ஏன் குறைந்தது என்று கேட்டார்கள்.

"பத்து நிமிசம் பொறுங்க, குடிச்சு முடிக்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

குட்டிகள் முதுகில் ஏறின. தாய் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் சோலைக்குள் நடந்தது.

பொழுது சாயும் முன் ஜீப் சாலைக்கு ஏறியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வழி மறித்தார்கள். "என்னாச்சு டாக்டரம்மா?"

"தாயும் பிள்ளைகளும் சௌக்கியமுங்க," என்றார் பர்வீன்.

பக்கத்து வீட்டுப் பிரசவம் முடிந்தது போல அவர்கள் கை தட்டினார்கள். சூசைநாதன் இதிலிருந்து கற்றுக்கொண்டது கொஞ்சம்தான், ஆனால் உண்மை: யாரையாவது காப்பாற்றப் போகிறவன் முதலில் தன் கையில் இருப்பதை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். மீதியைக் கரடி பார்த்துக்கொள்ளும்.