ஃப்ரீமன் பண்ணையில் ஒரு முதுகுக் காயம்

கெசாயா கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, டாக்டர் கிம்பாலின் ரத்தம் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். சூரியன் மறைவதற்குள் அவள் கணவன், சிப்பாய் ஏசாவைத் தூக்கிலிடப் போகிறார்கள். மேப்பிள் மரத்தில் கயிறு கட்டியாயிற்று.

“அவரு கேப்டனைச் சுடல, டாக்டரய்யா! சொன்னா யாரும் காது குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களாவது வாங்க!”

அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்று பகலெல்லாம் ஃப்ரீமன் பண்ணையில் பிரிட்டிஷ் படையோடு சண்டை. போன மாதம் பென்னிங்டனில் ஜெயித்த தெம்பெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிட்டது. அந்தச் செஞ்சட்டைக்காரர்கள் எந்நேரமும் திரும்பி வரலாம். ஓடை அவர்கள் பக்கம் மாட்டிக்கொண்டது. குடிக்கவே ஆளுக்கு ஒரு குவளைதான். முகம் கழுவ எங்கே போவது? இதற்கிடையில் கேப்டன் லவெல் முதுகில் குண்டு பாய்ந்து செத்திருந்தார். குண்டு புகுந்த இடத்தில் கோட்டு கருகியிருந்தது. அப்படியென்றால் சுட்டவன் மிக நெருங்கி நின்றிருக்கிறான், நம்மவன்! அந்த நினைப்பே முகாமைக் குலைநடுங்க வைத்தது. யாரும் யாருக்கும் முதுகு காட்டி நிற்கவில்லை.

கிம்பால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். உதவி வைத்தியன் ஸாடக் பின்னாலேயே ஓடினான்.

“ஏசாவோட துப்பாக்கிய மோந்து பாத்தா போதும் ஐயா, விஷயம் வெளிய வந்துடும்!”

“இன்னிக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒரே நாத்தம்தான். பேசாம வாய்யா.”

மரத்தடியில் ஏசா கைகள் கட்டப்பட்டு நின்றான். வாயைச் சுற்றி ஒரே கரி. கர்னல் முன்னால் சார்ஜன்ட் பிராட் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

“பகல் பூரா இவன் பக்கத்துலதான் நின்னேன் கர்னல். நானே முப்பது தோட்டா சுட்டிருப்பேன். கடைசிப் புகையில கேப்டனச் சுட்டுட்டான், பாவி! போன வாரம் கேப்டன் குடுத்த சவுக்கடிய இவன் மறக்கல.”

அந்நேரம் தண்ணீர் வாளி வந்தது. ஆட்கள் முண்டியடித்தார்கள். கிம்பால் ஒரு குவளையை ஏசாவின் வாயில் வைத்தார். ஒரே மூச்சில் காலி. அடுத்ததைப் பிராட்டிடம் நீட்டினார்.

“எனக்கு வேணாம். காயம்பட்டவங்களுக்குக் குடுங்க.”

“தங்கமான மனுசன்!” என்று ஸாடக் உருகினான்.

கிம்பால் குவளையைக் கீழே வைத்தார். “கர்னல், இவரோட தோட்டாப் பெட்டியத் திறக்கச் சொல்லுங்க.”

பிராட்டின் கை சட்டென்று பெட்டியை மூடிக்கொண்டது.

“காகிதத் தோட்டாவ நாம பல்லால கடிச்சுக் கிழிக்கிறோம்” என்றார் கிம்பால். “ஒவ்வொரு கடிக்கும் வெடிமருந்து கொஞ்சம் வாய்க்குள்ள போகும். அதுல இருக்கற வெடியுப்பு தொண்டையக் காயவச்சிடும். முப்பது கடிச்சவன் தண்ணி வேணாம்னு சொல்வானா? இங்க எல்லார் வாயும் கரி. இவரு வாயப் பாருங்க, சுத்தமா இருக்கு. ஒரு கடின்னா சட்டைக்கையால தொடச்சிடலாம். முப்பதுக்கு அது ஆகாது.”

கர்னல் பெட்டியைப் பிடுங்கி எண்ணினார். காலையில் ஆளுக்கு நாற்பது தோட்டா கொடுத்திருந்தார்கள். ஏசாவின் பெட்டி காலி. பிராட்டின் பெட்டியில் முப்பத்தொன்பது இருந்தன.

“குறையற ஒண்ணோட குண்டு என்கிட்ட இருக்கு. கேப்டன் முதுகுலேர்ந்து நான்தான் எடுத்தேன்” என்றார் கிம்பால்.

 பிராட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“விழுந்த மரத்துக்குப் பின்னால படுத்திருந்தேன். கேப்டன் பாத்துட்டாரு. ‘உன் லட்சணத்த எல்லார்கிட்டயும் சொல்றேன்’னுட்டுத் திரும்பினாரு. நான்... பயமா இருந்துச்சு. ஏன், உங்களுக்கெல்லாம் பயமே இல்லையா?”

 கெசாயா ஏசாவின் கைக்கட்டை அவிழ்க்க முடியாமல் அழுதாள். ஸாடக் ஓடிவந்து கத்தியால் அறுத்துவிட்டான். ஏசா மணிக்கட்டைத் தேய்த்தபடி பிராட்டைப் பார்த்தான்.

“ஏன் இல்ல சார்ஜன்ட்? முதல் பீரங்கி வெடிச்சப்பவே கால்சட்டைய நனைச்சுட்டேன். அதோடதான் சாயங்காலம் வரைக்கும் நின்னு சுட்டேன்.”