சின்னு வீட்டைத் தாண்டி

கவிநிலாவின் அம்மா சரோஜாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வேங்கிக்காலில் அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மழைக்காலத்தில் யார் வீட்டுக் குளியலறையில் தேள் வந்தாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா இடுக்கியோடு போவாள். தேளைப் பிடித்துக் காலி மனையில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பாதியில் விட்ட தோசையை ஊற்ற வந்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட அம்மாவுக்கு நாயைக் கண்டால் மட்டும் கைகால் உதறும். சின்ன வயதில் ஒரு நாய் கடித்த தழும்பு முழங்காலுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. நாய் கண்ணில் பட்டதும் ஓட ஆரம்பித்துவிடுவாள். எங்கே ஓடுகிறோம், கையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் பார்க்கமாட்டாள். ஒருமுறை தெருமுனையில் ஒரு குட்டி நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. அதற்கே இட்லி மாவுப் பாத்திரத்தோடு ஓடி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

கவலை ஒன்றும் இல்லாத காலத்தில் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது சிரிக்க முடியவில்லை.

கவிநிலாவின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கோடை விடுமுறையில் ஆட்டோ கவிழ்ந்து அவருக்குக் காலில் எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தால் அண்ணாமலை தெரிந்தது. அவர் கால் நல்லபடியாக ஆகட்டும், நான் உன்னைச் சுற்றி வருகிறேன் என்று அம்மா அங்கேயே நின்று மலையிடம் வேண்டிக்கொண்டாள்.

மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, செருப்பு போடாமல் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதுதான் கிரிவலம். பாதியில் விடக்கூடாது, வந்த வழியே திரும்பவும் கூடாது. இதில் அம்மா ரொம்பக் கறார்.

போன மாதம் அம்மாவும் கவிநிலாவும் கிளம்பினார்கள். அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், கறுப்பு கேட் போட்ட ஒரு புது வீட்டிலிருந்து பெரிய நாய் ஒன்று வெளியே வந்தது. அம்மா ஓடினாள். ஓடியதும் அது துரத்தியது. அம்மா கீழே விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து, கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் கவிநிலாவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்குத் தையல் போட்ட இடம் வீங்கியது. இது வருவதுதான், மாத்திரையில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அம்மா கேட்கவில்லை. கிரிவலத்தைப் பாதியில் விட்டதால்தான் இப்படி என்று ஒரே பிடியாக இருந்தாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டால் என்ன அர்த்தம் என்று கவிநிலாவுக்குத் தெரிந்துபோயிற்று.

அதை அவளால் தாங்க முடியவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை மலையை முழுசாகச் சுற்றி வந்துவிட்டால் போதும். அதற்கு அந்தக் கறுப்பு கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்ட வேண்டுமென்றால் அம்மா ஓடாமல் இருக்க வேண்டும்.

கவிநிலா அன்றிலிருந்து தெரு நாய்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். பேப்பர் போடுகிற அண்ணன் சைக்கிளில் பறந்து வந்தால் எல்லாம் எழுந்து துரத்தின. கீரை விற்கிற அக்கா கூடையோடு ஆடி அசைந்து வந்தால் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஒருநாள் கவிநிலாவே சைக்கிளில் வேகமாகப் போனாள். நாய்கள் துரத்தின. சட்டென்று பிரேக் பிடித்து இறங்கி நின்றாள். நாய்களும் நின்றன. எதற்கு ஓடி வந்தோம் என்பதே மறந்துவிட்டது மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்பாடா என்று அவள் திரும்பி நடந்தாள். முதுகைக் கண்டதும் மறுபடி குரைத்துக்கொண்டு வந்தன. திரும்பி நின்றாள். நாய்களும் நின்றுவிட்டன. இந்த வேலையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அன்றைக்கு நாய்கள் அலுத்துக் கலைந்த பிறகுதான் கவிநிலா வீட்டுக்கு வர முடிந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னாள். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். உப்பைக் கம்மி பண்ணுங்கள் என்று டாக்டர் சொன்னபோதும் அம்மா இப்படித்தான் தலையாட்டினாள். கவிநிலாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் நேரத்தில் கோயில் ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். பௌர்ணமி இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. அவர்களுக்குப் பின்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கும்பல் மட்டும் தெலுங்கில் பாடிக்கொண்டு வந்தது. அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

வழியில் இருக்கும் வருண லிங்கக் கோயில் வரைக்கும் அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கவிநிலாவின் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.

கறுப்பு கேட் திறந்து கிடந்தது.

நாய் உள்ளே இல்லை. நடைபாதையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு நிறம், கழுத்தில் சிவப்பு பெல்ட், கன்றுக்குட்டி உயரம். அது குரைக்கவில்லை. முதுகு மயிர் சிலிர்த்து நிற்க, தொண்டைக்குள்ளேயே உறுமியது. குரைத்தால்கூடத் தேவலை என்று கவிநிலாவுக்குத் தோன்றியது.

அம்மாவின் கை பிடியிலிருந்து நழுவப் பார்த்தது. ஓடப் போகிறாள் என்று கவிநிலாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாதம்மா. நில்லு."

"என்னால முடியலடி கவி."

"அது கண்ணைப் பாக்காத. தரையைப் பாரு. கையை வீசாம நெஞ்சோட வச்சுக்கோ."

அம்மா இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டாள்.

அந்த வீட்டு மாடியிலிருந்து ஒருவர் காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர்தான். "சின்னு ஒண்ணும் பண்ணாதும்மா, நீங்க பாட்டுக்குப் போங்க" என்றார்.

இவ்வளவு பெரிய நாய்க்குச் சின்னு என்று பேர் வைத்தவரிடம் என்ன பேசுவது? இங்கிருந்து கத்தினால் நாய் இன்னும் மிரளும்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது. பயமாக இருந்தால் ஏறிக்கொள்ளுங்கள் அக்கா, ஊருக்குள் விட்டுவிடுகிறேன் என்றார் ஆட்டோக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனால் ஏறினால் போன மாதக் கதைதான். அம்மாவின் கால் தானாக ஆட்டோவின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது.

நாய் பாய்ந்தது.

கவிநிலா தோள்பையைக் கழற்றி அம்மாவுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்தாள். பல்லெல்லாம் தெரிய ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு, பைக்கு ஒரு முழம் தள்ளி நாய் நின்றது. அதன் மூச்சு அவள் விரலில் பட்டது. கவிநிலாவுக்கும் பயம்தான். ரொம்பப் பயம். அழுதுவிட்டால் தேவலை போல இருந்தது. அவள் அழுதால் அம்மா கட்டாயம் ஓடிவிடுவாள். அதனால் அழவில்லை.

அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வேணாம்பா, நீ போ" என்று ஆட்டோக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள். "நான் நடந்துதான் போகணும்."

ஆட்டோ போய்விட்டது. நாய் பையை முகர்ந்து பார்த்தது. அம்மாவின் புடவைக் கரையை முகர்ந்தது. பிறகு இரண்டடி பின்வாங்கி மறுபடி உறுமியது. ஒருவரும் அசையாததால் அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. இதுதான் சமயம் என்று கவிநிலா நினைத்தாள்.

அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, மலைப்பக்க ஓரமாக நகர்த்தினாள். ஒவ்வோர் அடியாக, நண்டு நடப்பது மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தார்கள். நாயைத் தாண்டியாயிற்று. இப்போது முன்னால் திரும்பி நடந்தால் நாய்க்கு முதுகைக் காட்ட வேண்டும். கவிநிலா திரும்பவில்லை. முகத்தை நாயின் பக்கமே வைத்துக்கொண்டு, அம்மாவையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்தாள்.

அந்தக் கலவரத்திலும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"மலை இடது பக்கம் வருதேடி. கிரிவலம் கணக்காகுமா?"

"மலை அங்கயேதாம்மா இருக்கு. நாமதான் திரும்பி நிக்கிறோம். போற வழி சரிதானே?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கும்பிட்ட கையோடு அடுத்த அடியைப் பின்னால் வைத்தாள்.

அப்போதுதான் ஆந்திரக் கும்பல் கறுப்பு கேட்டுக்கு வந்து சேர்ந்தது. நாய் இவர்களை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி உறுமியது. அதில் இருக்கும் குழந்தைகளில் யாராவது ஓடினால் நாய் கடித்துவிடும். கத்தவும் முடியாது, தெலுங்கும் தெரியாது. உள்ளங்கையைக் காட்டி, நில்லுங்கள் என்று சைகை செய்தாள்.

கும்பலுக்கு முன்னால் வந்த மீசைக்காரப் பெரியவர் நின்றார். பாட்டு நின்றது. அவர் நாயைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கவிநிலாவையும் அம்மாவையும்தான் பார்த்தார். ஓர் அம்மாள் கண்ணில் நீரோடு, கைகூப்பி, தலைகுனிந்து, பின்பக்கமாகவே நடந்து போகிறாள். கூட ஒரு பெண் குழந்தை வழிகாட்டிக்கொண்டு போகிறது. இது இந்த இடத்து வழக்கம் போலிருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். பக்தியோடு கையைக் கூப்பி, மலைப்பக்க ஓரமாக வந்து, நாயைத் தாண்டியதும் மெதுவாகத் திரும்பி, பின்பக்கமாக நடந்தார். அவர் மனைவியும் அப்படியே செய்தார். குழந்தைகளுக்குக் கேட்க வேண்டுமா? கைகூப்பிக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டு, சந்தோஷமாகப் பின்னால் நடந்தார்கள்.

ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் முதுகைக் காட்டவில்லை. நாய் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. சிலிர்த்த மயிர் மெல்ல அடங்கியது. கடைசியில் அலுத்துப்போய் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டது.

மாடியிலிருந்த வீட்டுக்காரருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஒரு கூட்டமே தன் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டபடி பின்னால் போகிறது. டம்ளரை வைத்துவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். என்ன விசேஷம், எதற்கு எல்லோரும் இப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

சின்னுவின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்படி கவிநிலா முதலில் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"சின்னு ஒண்ணும் பண்ணாதுன்னு உங்களுக்குத் தெரியும் அங்கிள். எங்களுக்குத் தெரியாது. சின்னுவுக்கே தெரியுமான்னும் தெரியல. எங்கம்மா போன மாசம் இங்க விழுந்து பாதியிலயே திரும்பிட்டாங்க. அதான் இப்படி நடக்கறோம்."

அவர் அம்மாவின் ஈரக் கன்னத்தைப் பார்த்தார். முழங்கைத் தழும்பைப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. கட்டிப்போட்டால் கத்துகிறதே, பாவம் என்றுதான் காலையில் அவிழ்த்துவிடுவாராம். இனிமேல் சங்கிலி போட்டுத் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். சின்னுவை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். போட்ட தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டியும் பார்த்தார்.

அதன் பிறகு அம்மா நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. கவிநிலா ஓட்டமும் நடையுமாகத்தான் பின்னால் வர முடிந்தது. வெயில் ஏறியிருந்தபோது ராஜகோபுரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து கவிநிலாவைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூ விற்கிறவர்கள் பார்த்தார்கள், அம்மா கவலைப்படவில்லை.

அப்பாவின் கால் நன்றாக ஆகிவிட்டது. மாத்திரையால் என்றார் டாக்டர். அம்மா மலை இருந்த பக்கம் பார்த்தாள். அடுத்த கோடையில் அப்பாவும் தன் காலாலேயே நடந்து கிரிவலம் வந்தார்.

அடி அண்ணாமலைக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த ஒரு கூட்டம் கைகூப்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தது. அப்பா ஆச்சரியப்பட்டு, எதற்கு என்று ஒரு பெண்மணியிடம் விசாரித்தார்.

"இந்த எடத்துல பின்னாடி நடந்தா கால் வலி போயிடுங்க" என்றார் அவர். "ரொம்ப காலத்து வழக்கமாம்."

கவிநிலா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். சாத்திய கறுப்பு கேட்டுக்கு உள்ளேயிருந்து சின்னு குரைத்தது. அம்மா ஓடவில்லை.

"கேட்டீங்க இல்ல? திரும்புங்க" என்றாள் அப்பாவிடம். பிறகு தானும் கையைக் கூப்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல், சின்னு வீட்டைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தாள்.