டாஸ்க்பாரில் வைத்த குரல்

புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையில் ஹுவே நகரத்தில் எவனும் கடை திறக்க மாட்டான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தோவானும் திறக்கவில்லை. ஆனால் கியெத் ஷட்டரைத் தட்டிய தட்டலில் தெருவே எழுந்துவிட்டது.

"அண்ணே, என் பொண்டாட்டி குரலு போயிடுச்சு!"

தோவானின் கடையில் வேலை பார்க்கும் நுங் உள்ளிருந்து ஓடி வந்தாள். "அது போன வருஷமே போச்சே, அண்ணே..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

உண்மைதான். டோங் பா சந்தையில் துணி விற்ற அவன் மனைவி தியெப்பின் குரல் மூன்று கடை தள்ளிக் கேட்கும். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் கியெத் அவளை உட்கார வைத்து, அன்றாடம் பேசுகிற பேச்சையெல்லாம் பதிவு செய்தான். 'ஆமா', 'இல்ல', 'சாப்பிட்டீங்களா', 'அங்க மழையா', ஒரு சிரிப்பு, இரண்டு மூன்று வசவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷார்ட்கட் செய்து திரையின் அடியில் உள்ள டாஸ்க்பாரில் வரிசையாக வைத்தான். அவள் அமுக்கினால் கம்ப்யூட்டர் அவள் குரலில் பேசும்.

"நேத்து மத்தியானம்கூடப் பக்கத்து வீட்டுக்காரங்களை அதை வெச்சுத்தான் வாழ்த்தினா. இன்னிக்கு எதை அமுக்கினாலும் 'ஃபைல் இல்ல'ங்குது. வேற காப்பியும் இல்ல, அண்ணே. நான் ஒரு மடையன்! இன்னும் கொஞ்ச நேரத்துல மாமனார் தோங் ஹாவிலிருந்து போன் பண்ணுவார். அவருக்குக் கண்ணு தெரியாது. ஆபரேஷன் பண்ணினதே அவர்கிட்ட யாரும் சொல்லல. வாராவாரம் இந்தக் குரலை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கோம்."

தோவான் சட்டையை மாட்டிக்கொண்டார். "நட தம்பி."

கியெத்தின் வீட்டில் தியெப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் அசைந்தது. கியெத்தின் அக்கா சுவென் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"காலையிலேருந்து எல்லாரும் என்னையே முறைக்கிறாங்க. அந்தப் பெட்டி பேசறது எனக்குப் பிடிக்கலதான், பேய் பேசற மாதிரி இருக்கு. வாயால சொன்னேனே தவிர, நான் அதைத் தொடவே இல்ல!"

நுங் தோவானின் காதில் கிசுகிசுத்தாள். "இவதாண்ணே. தானே ஒத்துக்கிறா பாருங்க."

"அவசரப்படாதே, நுங்."

அவர் டாஸ்க்பாரைப் பார்த்தார். ஷார்ட்கட் படங்கள் ஒன்று விடாமல் வரிசையாக நின்றன. படம் இங்கே இருந்தாலும், பேச்சு வேறிடத்தில் உள்ள ஃபைலில்தான் இருக்கும். திரையின் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது. திறந்து பார்த்தார்: பழைய விளம்பரங்கள், மங்கிய படங்கள். குரல் அதில் இல்லை. திரும்பித் தரையைப் பார்த்தார். விருந்தாளிகள் கொறித்துப் போட்ட தர்ப்பூசணி விதைத் தோலெல்லாம் பெருக்கி அறை மூலையில் குவித்திருந்தது.

"இதை ஏன் வெளியே கொட்டல, சுவென்?"

"நல்லா கேட்டீங்க போங்க! புது வருஷம் மூணு நாளைக்கு வீட்டுக் குப்பையை வெளியே கொட்டுவாங்களா? அதிர்ஷ்டமும் சேர்ந்து போயிடும். அந்தப் பெட்டியில இருக்கற குப்பையைக்கூடத் தொடக் கூடாதுன்னு கியெத்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

தோவான் உட்கார்ந்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக அமுக்கினார். இல்லை. இல்லை. இல்லை. கியெத் தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியை அமுக்கியதும் அறை முழுக்கத் தியெப்பின் குரல் ஒலித்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்ப்பா!"

எல்லாரும் துள்ளிவிட்டார்கள். தியெப் வாயைப் பொத்திக்கொண்டாள். தோவான் மறுபடி அமுக்கினார். வாக்கியம் முடியும் இடத்தில் பின்னால் ஒரு ஸ்கூட்டர் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"இதை வாராவாரம் உங்க அப்பாவுக்குப் போடறீங்களா, தங்கச்சி?"

தியெப் தலையாட்டினாள்.

"நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் இந்த நாற்காலியில யார் உட்கார்ந்தது?"

"என் மச்சான் பாங் மட்டும்தான்" என்றான் கியெத். "இவ தம்பி. மாமனாரோட இருக்கான். சாயங்காலம் வாழ்த்துச் சொல்ல வந்தான், பாட்டுக் கேக்கறேன்னு கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். ஆனா அவன் அக்கான்னா உயிரை விடுவான், அண்ணே!"

"அதனாலதான் எடுத்திருக்கான்."

நுங்கின் கண்கள் விரிந்தன. "எப்படிண்ணே சொல்றீங்க?"

"பெட்டி பேசறது பிடிக்காத ஆளுன்னா கண்ணுக்குத் தெரியற படங்களைத்தான் முதல்ல தூக்கியிருப்பாங்க. படம் ஒண்ணும் அசையல. அதுக்குப் பின்னாடி இருக்கற ஃபைல்தான் போயிருக்கு. அழிச்சிருந்தா குப்பைத்தொட்டியில கிடக்கணும். சுவென் புண்ணியத்துல தொட்டி அப்படியே இருக்கு, ஆனா அதிலும் இல்ல. அப்ப அழிக்கல, பென் டிரைவுக்கு நகர்த்திக் கொண்டுபோயிருக்காங்க."

"காப்பி எடுத்திருக்கலாமே?" என்றாள் நுங்.

"எடுத்திருந்தா நமக்குத் தெரியவே வந்திருக்காது. தெரியணும்னுதான் நகர்த்தியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் ஏன் விட்டாங்க? மத்ததெல்லாம் நெசமான பேச்சு. இது ஒண்ணுதான் பொய். இந்தப் பொய்யை வாராவாரம் கேக்கறவர் ஒரே ஒருத்தர். கண்ணு தெரியாத மனுஷன். காதுதான் அவருக்கு எல்லாம். ஒவ்வொரு வாரமும் மக 'நல்லா இருக்கேன்'னு சொன்ன உடனே அதே ஸ்கூட்டர் அதே மாதிரி ரெண்டு தடவை ஹாரன் அடிச்சா, அவருக்குப் புரியாதா?"

கியெத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப மாமாவுக்கு..."

"தெரியும், தம்பி. பாங்கை அனுப்பினதே அவராத்தான் இருக்கணும். இந்தப் பொய் இனி வேண்டாம்னுதான் அதை மட்டும் விட்டிருக்கார்."

தோவான் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. கியெத் பாய்ந்துபோய் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் மவுஸைப் பிடித்து அந்தக் கடைசிப் படத்தின்மேல் கொண்டுபோனான். தியெப் அவன் கையைத் தட்டிவிட்டாள். போனைத் தானே எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தியெப்பா?" என்றது கிழவரின் குரல். "பாங்கைத் திட்டாதேம்மா, நான்தான் கொண்டுவரச் சொன்னேன். உன் சிரிப்பை நேத்து ராத்திரி நாலு தடவை போட்டுக் கேட்டேன். எல்லாம் இங்க பத்திரமா இருக்கு. வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கோ. ஒரு வருஷமா பொறந்த வீட்டுக்கு வராம சாக்குச் சொல்றியே, எதுக்கு? பேச முடியலன்னா பெத்த அப்பன் வேண்டாம்னு சொல்லிடுவேனா, பைத்தியமே?"

சுவென் மூக்கை உறிஞ்சினாள். நுங் வெளிப்படையாகவே அழுதாள்.

"நீ பதில் சொல்ல வேண்டாம்மா. லைன்ல இருக்கியான்னு மட்டும் தெரியணும்."

தியெப் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போட்ட, கட்டியவனைத் தவிர யாருக்கும் காட்டாத அந்தத் துளையை, அத்தனை பேர் முன்னால், போனின் பக்கம் கொண்டுபோனாள். மூச்சை முழுவதுமாக வெளியே விட்டாள். வெறும் காற்று, கரகரவென்று வந்தது.



"ம்... கேக்குதும்மா," என்றார் அப்பா. "சாயங்கால பஸ்ஸைப் பிடி."