எலுமிச்சை மரத்தடி மண்

"அவன்தான்! லம்ஜெத்தான் எதையோ ஊத்தியிருக்கான்!"

பாபாவின் கத்தல் கேட்டு மகள் இஷ்ராக் தோட்டத்துக்கு ஓடினாள். மதிலோரத்து எலுமிச்சை மரத்தில் பாதி இலைகள் மஞ்சளாகியிருந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கம் லம்ஜெத் மாமாவின் மிளகாய்த் தோட்டம். "உங்க மரத்து நிழல்ல என் மிளகாய் பழுக்கவே மாட்டேங்குது. ஹரிஸா விழுதுக்கு எதை அரைக்கிறது?" என்று போன வாரம்தான் அவர் சண்டை போட்டிருந்தார்.

"இதோ, போலீஸுக்கே போறேன்!" பாபா செருப்பை மாட்டினார்.

இஷ்ராக் யோசித்தாள். மாமா கோபக்காரர்தான். ஆனால், மரத்துக்கு விஷம் வைப்பாரா? அவள் மரத்தைச் சுற்றி வந்தாள். மதில் பக்கக் கிளைகள் பச்சையாகவே இருந்தன. வீட்டுப் பக்கம்தான் மஞ்சள்!

"பாபா, பொறுங்க! மண்ணைச் சோதிச்சுப் பார்த்துடறேன்."

"நீ பெரிய விஞ்ஞானியா? நகரு!"

"அவர் ஊத்தலைன்னா? போலீஸ் வந்தப்புறம் 'தெரியாம சொல்லிட்டேன்'னு சொல்வீங்களா?"

பாபா வாசலிலேயே நின்றார். "சரி, சீக்கிரம்."

இஷ்ராக் சமையலறைக்குள் பாய்ந்து ஊதா முட்டைக்கோஸை நறுக்கிக் கொதிக்க வைத்தாள்.

"அது ராத்திரிக்கு வெச்சதுடி!" என்றார் அம்மா.

வடிகட்டிய சாற்றை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினாள். ஒன்றில் மதில் பக்கத்து மண், இன்னொன்றில் வீட்டுப் பக்கத்து மண். மண் அமிலமாக இருந்தால் சாறு சிவக்கும். காரமாக இருந்தால் பச்சையாகும். வகுப்பில் செய்து பார்த்திருக்கிறாள்.

மண் மெல்லப் படிந்தது.

முதல் குவளை லேசாக நீலமானது. இரண்டாவது, பச்சை!

"வீட்டுப் பக்கத்து மண்ல காரம் ரொம்ப அதிகம், பாபா."

"பார்த்தியா! மிளகாய்க்காரன் வேலைதான்!"

"ஐயோ, அந்தக் காரம் இல்ல! சோப்பு, சாம்பல்ல எல்லாம் இருக்குமே, அந்தக் காரம்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"சாம்பலா? ரொட்டி அடுப்புச் சாம்பலை நான்தானே தினமும் அங்க கொட்டறேன்! உரமாகும்னு நினைச்சேனே..."

"தெரிஞ்சா செஞ்சீங்க, அம்மா? அள்ளிட்டு வேற மண் போட்டா மரம் பிழைச்சுக்கும்."

அப்போது மதிலுக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "என்ன மொன்ஜி, காலையிலேருந்து சத்தம்? மரத்துக்கு என்ன?"

பாபாவின் முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணுமில்ல, அண்ணே... மண்ணை மாத்தணும். கொஞ்சம் கை குடுக்கறீங்களா?"

லம்ஜெத் மாமா மண்வெட்டியோடு வந்தார். சாம்பல் மண்ணை அள்ளி முடித்ததும், நெற்றியைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "அப்படியே என் பக்கம் வர்ற அந்த ஒரு கிளையை மட்டும்...?"

பாபா இஷ்ராக்கைப் பார்த்தார். பிறகு, தானே போய் ஏணியை எடுத்து வந்தார்.