மண்மேட்டின் மறுபக்கம்

குண்டு மண்ணில் பாயும் சத்தம் வரவில்லை.

லோவெல் ஹாகன் மேசையில் குனிந்தபடியே இருந்தான். துப்பாக்கி வெடித்த அதிர்வு மேற்குச் சரிவில் மோதித் திரும்பி, ஓக் மரங்களுக்குள் நுழைந்து அலைந்து அடங்கியது. அந்த வெடிச் சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, ஈர மூட்டையை யாரோ தரையில் போட்டது போல, ‘தொப்’ என்று ஒன்று வந்திருக்க வேண்டும். காதடைப்பானை மீறியும் கேட்கும் அது. சுடுகிறவன் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதே அதற்காகத்தான். குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாருக்கும் பயமில்லை என்று சொல்கிற சத்தம்.

இன்னொரு முறை சுட்டான். எதிரே இருந்த மண்மேட்டின் நடுவயிற்றைப் பார்த்துத்தான் சுட்டான். குறிபார்க்கும் ஸ்கோப்புக்குள் கறுப்பு மண் அசையாமல் கிடந்தது. ஒரு துளி மண் தெறிக்கவில்லை. ஒரு சத்தம் இல்லை.

புது மண், இன்னும் இறுகவில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து, ஏதோ சுட்டுவிட்டதைப் போலத் தொடையில் துடைத்தான். இப்படிச் சத்தமில்லாமல் போன குண்டு ஒன்றை அவனுக்கு முன்பே தெரியும்.

காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவன் செய்த முதல் காரியம், வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் தனக்கென்று ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் களம் அமைத்ததுதான். கிளப்புக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம், யாரும் வந்து அதைச் செய்யாதே இதைச் செய்யாதே என்று சொல்ல மாட்டார்கள். புதரை வெட்டினான். தரையைச் சமன் செய்து, கான்கிரீட் போட்டு மேசையை நட்டு, அதற்கு மேல் தகரக் கூரை வேய்ந்தான். எதிரே நூறு கஜம் தள்ளி இரும்புத் தகடுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டான். தகடுகளுக்குப் பின்னால் மண்மேடு. அதில் மட்டும்தான் சோம்பல் பட்டான். ஆள் உயரத்துக்கு மேல் எழுப்ப வேண்டிய மேட்டை நெஞ்சு உயரத்தோடு நிறுத்தினான். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பின்னால்தான் காடு இருக்கிறதே.

காட்டுக்குப் பின்னால் செல்மர் ட்வெய்ட்டின் பண்ணை இருந்தது. இலை இருக்கும் காலத்தில் அது தெரியாது. நவம்பரில், தேடிப் பார்த்தால், மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வீட்டு மூலை தெரியும். லோவெல் தேடிப் பார்த்ததில்லை.

போன நவம்பரில், மான் வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமை அது. பள்ளத்தாக்கு முழுக்க ஆரஞ்சுக் கோட்டு போட்டவர்கள். விடிந்ததிலிருந்து நாலாபக்கமும் வெடிச் சத்தம். மனைவி ஜோலீன் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். காட்டுக்குள் போகும் முன் ஸ்கோப் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று லோவெல் மேசையில் உட்கார்ந்தான். முதலில் சுட்டவை தகட்டில் கணீர் கணீரென்று பட்டன. அடுத்த முறை, மேசையில் படிந்திருந்த உறைபனியில் முழங்கை வழுக்கியது. கணீர் இல்லை. தொப் இல்லை. அவன் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தான், மேட்டுக்கு மேலே மொட்டை மரங்களைப் பார்த்தான். ஒரு காக்கை எழுந்து போனது. வேறொன்றும் தெரியவில்லை. காபி ஆறிவிடும் என்று குவளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

அந்த நேரம் செல்மரின் மனைவி ஆர்டிஸ் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை குளிரானாலும் வெளியில் காயப்போட்டால்தான் துணிக்கு மணம் என்பாள். மத்தியானம் சாப்பிட வந்த செல்மர்தான் கொடிக்குக் கீழே அவள் இறந்துகிடப்பதைப் பார்த்தான்.

மாவட்ட போலீஸ் தலைவரான ஷெரீபின் ஆட்கள் பள்ளத்தாக்கில் ஒரு வீடு விடாமல் கேட்டார்கள். “காலைல சுட்டீங்களா, லோவெல்?”

“இல்லப்பா. இடுப்பு வலி. வீட்டை விட்டு நகரவே இல்ல.”

அதற்குள் காற்று அடித்துக்கொண்டு வந்த பனி மேசையை மூடியிருந்தது. எந்த வேட்டைக்காரனின் குண்டோ என்று எழுதி மூடிவிட்டார்கள்.

குளிர்காலம் முழுவதும் அவனால் தூங்க முடியவில்லை. பனி உருகி மண் இளகியதும் அவன் செய்தது ஒன்றுதான்: மேட்டை உயர்த்த ஆரம்பித்தான். ஏன் என்று ஜோலீன் கேட்டாள். பாதுகாப்புக்கு என்றான்.

அவன் தள்ளுவண்டியில் மண் அள்ளிக் கொட்டுவதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் செல்மரே டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். முன்வாளி நிறைய மண்.

“என்னய்யா இது, எறும்பு மாதிரி? இந்த வேகத்துல போனா உன் கருமாதிக்குத்தான் முடியும். தள்ளு அந்தப் பக்கம்.”

“வேண்டாம் செல்மர். உனக்கு எதுக்குச் சிரமம்?”

“எனக்கு வேற என்ன வேலை? வீட்ல உக்காந்தா சுவர்தான் பேசுது.” செல்மர் நெம்புகோலைத் தள்ளினான். மண் சரிந்து விழுந்தது. எண்ணெய் விட்டுப் பிசைந்தது போல அப்படி ஒரு கறுப்பு. “நல்ல மண்ணுய்யா. அவ தோட்டத்து மண்ணு. முப்பது வருசமா சாணியும் இலையும் போட்டு வளர்த்தா. அந்த இடத்தை என்னால பாக்க முடியல. துணி காயப்போடுற கொடிக்கம்பத்தையும் சேத்துப் பெயர்த்துட்டேன்.”

லோவெல் கையில் மண்வெட்டியோடு நின்றான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவனிடம் இல்லை. இருந்த ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது. செல்மர் நாள்தோறும் வந்தான். மேடு ஆள் உயரமானது, அதையும் தாண்டியது. அவள் விழுந்த மண் முழுவதும் லோவெலின் மேசைக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தது.

அதற்கப்புறம்தான் இன்று முதன்முதலாகச் சுட்டுப் பார்த்தான். தொப் என்று வரவில்லை.

டிராக்டர் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். கடைசி வாளி மண்ணோடு செல்மர் வந்துகொண்டிருந்தான். அதே சமயம் ஜோலீனும் வீட்டிலிருந்து வரும் பாதையில் தட்டோடு இறங்கி வந்தாள்.

“சூடா இருக்கு, சாப்பிடுங்க. அப்புறம் ஊர்ல வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனா வயித்துல இடம் இல்லன்னு சொல்லக் கூடாது.”

ரூபார்ப் பை, அந்தச் செடியின் சிவப்புத் தண்டுகளை மாவில் பொதிந்து சுட்ட பலகாரம். லோவெல் ஒரு வாய் வைத்தான். புளிப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்து இழுத்தது.

செல்மர் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். மெல்லுவது நின்றது. “ஜோலீன், இது எங்கேருந்து?”

“உன் மண்ணோட வந்ததுதான். மேட்டோட அந்தப் பக்கம் தழைதழையா நிக்குது, நீங்க ரெண்டு பேரும் பாக்கவே இல்லையா?”

“அவ வச்சது,” என்றான் செல்மர். அவன் கன்னம் நடுங்கியது. “வாளியோட வேரும் வந்திருக்கு. ஐயோ ஜோலீன், இன்னொரு துண்டு குடும்மா.”

லோவெல் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல், மேட்டைப் பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது. இந்தப் பக்கத்துச் சரிவிலும், மண்ணைக் கீறிக்கொண்டு, சிவப்புச் சிவப்பாக முளைகள் வந்திருந்தன. குளிரில் சிவந்த விரல் முட்டிகள், மடக்கி வைத்தவை போல. காலையில் அவை இருந்ததாக அவனுக்கு நினைவில்லை.

ஜோலீன் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் செல்மர் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். உறைபனியில் லோவெலின் முழங்கை வழுக்கிய அதே ஓரம்.

“லோவெல், உங்கிட்டத்தான் சொல்ல முடியும். அவன் யாருன்னு தெரிஞ்சா, நான் அடிக்க மாட்டேன்யா. போலீஸ்கிட்டகூடப் போக மாட்டேன்.”

லோவெல் கீழே கிடந்த காலித் தோட்டா உறையைக் குனிந்து எடுத்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ கத்தினாளான்னு. நான் அப்ப கறவை எந்திரம் ஓடுற கொட்டாய்ல இருந்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. சுட்டவனுக்காவது கேட்டுச்சா? கேக்கலைன்னு ஒருத்தன் வந்து சொன்னா போதும். நான் தூங்கிடுவேன்.”

சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. கேட்கவில்லை, செல்மர். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது நாக்கின் நுனிவரை வந்தது, அந்தப் புளிப்போடு.

“எந்த ஊர்க்காரனோ,” என்றான் லோவெல். “வந்தான், சுட்டான், போயிட்டான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது. விட்டுத்தள்ளு.”

செல்மர் அவன் தோளைத் தட்டினான். “நீ ஒருத்தன்தான்யா துணை. வா, சாப்பிடப் போலாம்.”

“நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. சாமானை எடுத்து வச்சுட்டு வர்றேன்.”

செல்மரை ஏற்றிக்கொண்டு ஜோலீனின் கார் போகும் சத்தம் சரளைக் கல் பாதையில் தேய்ந்து மறைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓடையில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஏனோ ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. லோவெல் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்தபடி மேசையில் வைத்தான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தான். இரண்டு குண்டு சுட்டிருக்கிறான். இரண்டும் உள்ளேதான் இருக்கும். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டால் நெஞ்சு அடங்கும்.

மண்ணில் குண்டு போன துளை இல்லை. அவன் குறிபார்த்த இடத்தில் வெட்டினான். மண் வெண்ணெய் போல வழிவிட்டது. ஈரமாக, வெதுவெதுப்பாக, நசுக்கிய தக்காளி இலையின் வாசத்தோடு. ஈயம் இல்லை. செம்புத் துணுக்கு இல்லை. இன்னும் ஆழமாக வெட்டினான். சிவப்பு முளைகள் ஒடிந்து அவன் பூட்ஸின் மேல் விழுந்தன. மண்வெட்டி உள்ளே போனது. பிடியும் உள்ளே போனது. எதன் மீதும் இடிக்கவில்லை. பிடி அவன் கையிலிருந்து நழுவி முழுதாக உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

லோவெல் மண்டியிட்டான். துளைக்குள் கையை விட்டான். முழங்கை வரை. பிறகு தோள் வரை. கன்னம் மண்ணில் அழுந்தியது.

விரல்கள் வெளியே வந்தன.

அந்தப் பக்கம் காற்று அடித்தது. மே மாதத்துக் காற்று இல்லை. கத்தி போன்ற குளிர். சோப்பு வாசம். விறைத்த துணி ஒன்று மெல்ல ஆடி வந்து அவன் விரல் முட்டிகளில் உரசிவிட்டுப் போனது. திரும்ப வந்தது. உரசியது.

கையை இழுத்தான்.

ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது.

ஈரமான கை. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் நுனிகள். அது இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. விழுந்தவர்கள் எழுந்திருக்கக் கிடைத்ததைப் பிடிப்பது போலப் பிடித்தது. அவ்வளவுதான். ஆனால் விடவில்லை.

“ஆர்டிஸ்,” என்றான். குரல் மண்ணுக்குள் போனது. “ஆர்டிஸ், நான் சொல்லிடறேன். இப்பவே போய் அவன்கிட்டச் சொல்லிடறேன்.”

பிடி இறுகியது.

பின்னால், நூறு கஜம் தள்ளி, துப்பாக்கியின் போல்ட் மூடும் சத்தம் கேட்டது. எண்ணெய் போட்ட இரும்பு. அவனுடைய துப்பாக்கி. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது.

தகரக் கூரையின் கீழே வெளிச்சமாக இருந்தது. விடிகாலை வெளிச்சம். கூரையின் விளிம்பில் உறைபனி மின்னியது. மேசையில் ஆரஞ்சுக் கோட்டு போட்ட ஒருவன் குனிந்து, தோள்பட்டையில் துப்பாக்கிக் கட்டையைப் பொருத்தி, கன்னத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் காபிக் குவளையிலிருந்து ஆவி எழுந்தது. அந்தக் குவளையை லோவெலுக்குத் தெரியும். அந்தக் கோட்டின் கிழிந்த பையைத் தெரியும். அந்த வழுக்கைத் தலையை, அந்தக் கனத்த கழுத்தை, முகம் மழிக்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறான்.

லோவெல் கத்தினான். இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். நிறுத்து. இங்கே ஆள் இருக்கு. நிறுத்து. தொண்டை கிழியக் கத்தினான்.

மேசையில் இருந்தவன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தான். தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்தான். மேட்டுக்கு மேலே மரங்களைப் பார்த்தான். லோவெல் கை ஆட்டிக்கொண்டிருந்த இடத்தை நேராக, நிதானமாக, கொஞ்ச நேரம் பார்த்தான்.

அங்கே அவனுக்கு எதுவும் தெரியவில்லை. மறுபடியும் குனிந்துகொண்டான்.